காப்பிய நாயகர்கள் இன்றைய பிள்ளைகளுக்கு முன்மாதிரி ஆவார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளோடு காப்பியம் வாசிக்க நினைக்கும் பெற்றோர், தமிழாசிரியர், கோயில் வகுப்பு நடத்துவோர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. கேள்விகளை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. வாசிப்பு நடத்தப் போகிறவர்கள் மட்டும் ‘90 நிமிட அமர்வு’ பற்றிய கேள்வியைத் தவறாமல் படித்துவிடுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இராமனும் கண்ணகியும் கர்ணனும் இன்றைக்கு முன்மாதிரி ஆவார்களா?

முழு ஆளாக எடுத்தால் ஆக மாட்டார்கள். அவர்கள் அரசர்கள், அரக்கர்கள், வரம் பெற்றவர்கள். செந்தூல் அடுக்குமாடியில் இருந்து காலை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்து ஏறும் பிள்ளைக்கு அவர்கள் வாழ்க்கை எட்டாது. ஆனால் ஒவ்வொரு காப்பியத்திலும் ஒருவர் இரண்டு கடமைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, ஏதாவது ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டிய இடம் ஒன்று வரும். அந்த இடம் எந்தப் பிள்ளைக்கும் எட்டும். ஆகவே எங்கள் வழி இதுதான்: ஆளை விட்டுவிடுங்கள், அந்த ஆள் முடிவெடுத்த காட்சியை எடுங்கள். ஒரு காட்சி, நான்கைந்து பாட்டு, ஒரு முடிவு, அதற்கு அவர் கொடுத்த விலை. இதைச் செய்தால் ‘இவன் நல்லவனா கெட்டவனா’ என்ற பயனில்லாத வாதம் தானாக நின்றுவிடும்.

ஒரு காட்சியை எடுத்துக் காட்ட முடியுமா?

கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. முதல் அமர்வுக்கு அவற்றுள் ஒன்றே ஒன்று போதும் என்றால், யுத்த காண்டத்தில் கும்பகர்ணன் வதைப் படலத்தில் வரும் இந்தப் பாட்டைத்தான் சொல்வோம். இராமன் பக்கம் போய்விட்ட வீடணன், போர்க்களத்தில் அண்ணன் கும்பகர்ணனைத் தேடி வந்து, ‘நீயும் வந்துவிடு’ என்று அழைக்கிறான். கும்பகர்ணன் சொல்லும் பதில்:

நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப்
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்
தார்க்கோல மேனி மைந்த என்துயர் தவிர்த்தி ஆயின்
கார்க்கோல மேனி யானைக் கூடுதி கடிதின் ஏகி

முதலில் கோலத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். நான்கு அடியிலும் அந்தச் சொல் வருகிறது: நீர்க்கோலம், போர்க்கோலம், தார்க்கோலம், கார்க்கோலம். வாசலில் கோலம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ‘தண்ணீர் மேல் போட்ட கோலம்’ என்று சொன்னால் நிலையாமைக்குத் தனி விளக்கம் தேவையில்லை. அது போட்டுக்கொண்டிருக்கும்போதே கலைந்துவிடும். ‘கலைந்து போகும் இந்த வாழ்வை விரும்பி, என்னை நெடுநாள் வளர்த்து, இன்று போருக்கு அலங்கரித்து அனுப்பிய இராவணனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வர மாட்டேன். மாலை அணிந்த மேனியனே, என் துயரத்தைத் தீர்க்க நினைத்தால், நீ சீக்கிரம் போய்க் கரிய மேனியனாகிய இராமனோடு சேர்ந்துகொள்.’

இதில் வியப்பு மூன்றாவது, நான்காவது அடிகளில்தான். தான் போக மறுக்கும் அதே இடத்துக்குத் தம்பியைப் போகச் சொல்கிறான். ‘துரோகி’ என்று ஒரு சொல் இல்லை. இரண்டு சகோதரர்கள் எதிரெதிர் முடிவு எடுத்து, ஒருவரையொருவர் மதித்துப் பிரிகிற இடம் இது. வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியைக் கலைக்காதீர்கள்.

இது ஆபத்தில்லையா? ‘நண்பனுக்காக எதையும் செய்வேன்’ என்று பையன்கள் கும்பலில் சேரும் காலத்தில் செஞ்சோற்றுக்கடனைப் புகழலாமா?

நியாயமான அச்சம். பாதிக் காட்சியைக் காட்டினால் உண்மையிலேயே ஆபத்துதான். குண்டர் கும்பலில் ஆள் சேர்ப்பவர் பேசும் மொழியும் இதுவே: ‘உனக்குச் சோறு போட்டது யார்? கஷ்டத்தில் வந்து நின்றது யார்?’ அதனால் மேலே சொன்ன பாட்டைத் தனியாகப் படிக்கவே கூடாது. அதற்கு முன்னால் நடந்த இரண்டு இடங்களைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒன்று, இராவணனின் மந்திராலோசனை. எல்லாரும் வீரம் பேசும் சபையில் கும்பகர்ணன் எழுந்து, ‘பேசுவது மானம், இடை பேணுவது காமம்’ என்று அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்கிறான். பிறன் மனைவியைச் சிறை வைத்துக்கொண்டு புகழும் வேண்டும் என்கிறோமே, நம் வெற்றி நன்றாக இருக்கிறது என்று இடிக்கிறான். இரண்டு, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு வந்ததும் அவன் கேட்கும் கேள்வி: ‘ஆனதோ வெஞ்சமம்? அலகில் கற்புடைச் சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?’ போர் வந்தே விட்டதா, சீதையின் துயரம் இன்னுமா தீரவில்லை என்று கேட்கிறான். ஆக, கடைசிவரை தவற்றைத் தவறு என்று சொன்னவன் அவன்.

இப்போது கர்ணனை அருகில் வையுங்கள். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான், அவமானத்திலிருந்து காத்தான், உண்மை. ஆனால் வியாச பாரதத்தில் சூதாட்ட அவையில் திரௌபதியை இழிவாகப் பேசி, ஆடையைக் களையச் சொல்லித் தூண்டுகிறவனும் கர்ணன்தான். திரையில் பார்த்த கர்ணனை மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். பெற்றோருக்கும்தான். இருவரும் சோற்றுக்கடனுக்கு உயிரைக் கொடுத்தார்கள். ஒருவன் இடித்துரைத்துவிட்டுக் கொடுத்தான், மற்றவன் ஊக்கிவிட்டுக் கொடுத்தான். ‘நகுதற் பொருட்டன்று நட்டல்’ என்று தொடங்கும் 784ஆம் குறள், நண்பன் எல்லை மீறும்போது முன்னே சென்று இடித்துரைப்பதற்கே நட்பு என்கிறது. இந்தக் குறளைப் பலகையில் எழுதிவிட்டு, ‘இருவரில் யார் நண்பன்?’ என்று மட்டும் கேளுங்கள். பையன்கள் அரைமணி நேரம் பேசுவார்கள்.

கும்பகர்ணன் செய்ததுதான் சரி என்று முடித்துவிடவும் கூடாது. தவறு என்று தெரிந்தும் அந்தப் பக்கத்துக்காகவே வாள் எடுத்தவன் அவன். அவன் கையால் இறந்த வானரருக்கு அவனுடைய நன்றியுணர்வு எந்த விதத்தில் ஆறுதல்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஹங் துவா, ஹங் ஜெபாட் கதை தெரியும். சேர்த்துப் பேசலாமா?

கட்டாயம் பேசுங்கள். மலேசியாவில் காப்பியம் படிக்கும் நமக்குக் கிடைத்த பெரிய வசதி இது. அம்பாங் தடத்திலும் மோனோரெயிலிலும் ‘ஹங் துவா’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது. சென்ட்ரல் மார்க்கெட் ஓரம் ஹங் கஸ்தூரி சாலை போகிறது. பிள்ளைகள் நாள்தோறும் கேட்கும் பெயர்கள்.

கதைச் சுருக்கம்: மலாக்கா சுல்தானிடம் ஹங் துவா மேல் பொய்யாகக் கோள் சொல்கிறார்கள். விசாரணையின்றி மரண தண்டனை. முதலமைச்சரான பண்டாஹாரா அவனைக் கொல்லாமல் மறைத்து வைக்கிறார். நண்பன் இறந்துவிட்டதாக நம்பிய ஹங் ஜெபாட் அரண்மனையைக் கைப்பற்றிக் கலகம் செய்கிறான். அவனை அடக்க ஆளில்லாமல் சுல்தான் வருந்த, துவா உயிரோடு இருப்பது தெரியவருகிறது. துவா திரும்பி வந்து, தனக்காகக் கலகம் செய்த நண்பனையே சுல்தானின் ஆணைப்படி கொல்கிறான். ஹங் துவா காவியச் சுவடி 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. (மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் கலகக்காரன் ஜெபாட் இல்லை, கஸ்தூரி. கூர்மையான மாணவர் யாராவது இதைக் கேட்பார், தயாராக இருங்கள்.)

பல தலைமுறைகள் துவாவையே வீரனாகப் பார்த்தன. 1950களின் கடைசியில் காசிம் அகமது எழுதிய ஆய்வுக்குப் பிறகு, நீதிக்காக நின்ற ஜெபாட்டே நாயகன் என்ற வாதம் வலுத்தது. இன்றும் அந்த விவாதம் முடியவில்லை. ஒரு சமூகம் தன் காப்பிய நாயகனை வெளிப்படையாக மறுபரிசீலனை செய்வதை நம் பிள்ளைகள் பக்கத்திலேயே பார்க்கிறார்கள். நாமும் செய்யலாம் என்ற துணிவு அதிலிருந்து வரும்.

நால்வரையும் பலகையில் எழுதுங்கள். தலைவன் தவறு செய்யும்போது துவா வாய் திறக்காமல் கீழ்ப்படிகிறான். கும்பகர்ணன் சொல்லிப் பார்த்துவிட்டு உடன் மடிகிறான். வீடணன் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியேறுகிறான். ஜெபாட் உள்ளேயே இருந்து எதிர்க்கிறான். ஜெபாட்டையும் வெள்ளையடிக்க வேண்டாம்: காயம்பட்ட பின் அவன் வெறியாடி, குற்றமற்ற மலாக்கா மக்களைக் கொன்று குவிக்கிறான். பிறகு இன்றைய சூழலைக் கொடுங்கள். உங்களுக்கு வேலை கொடுத்து, அம்மாவின் மருத்துவச் செலவுக்கும் உதவிய முதலாளி கணக்கில் தில்லுமுல்லு செய்கிறார். நால்வரில் யாருடைய வழி? பெரிய பிள்ளைகள் என்றால், ஐந்தாவது வழியாக 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 711) இருப்பதையும் சொல்லுங்கள். கும்பகர்ணனுக்கு அது கிடைக்கவில்லை.

நன்னெறிக் கல்விப் பாடத்துக்கு இது உதவுமா?

உதவும், ஆனால் அந்தப் பாட முறையில் இதை நடத்தாதீர்கள். ‘இராமன் – கீழ்ப்படிதல், பரதன் – பேராசையின்மை, இலக்குவன் – சகோதரப் பாசம்’ என்று பண்புப் பட்டியல் போட்ட மறுநொடி பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். தேர்வு விடை கிடைத்துவிட்டதே!

வாலியை மறைந்து நின்று கொன்ற இடத்தைத் தவிர்த்துவிடலாமா?

தவிர்க்காதீர்கள். கம்பரே தவிர்க்கவில்லை. அம்பு தைத்துக் கிடக்கும் வாலிக்கு அவர் பாட்டுப் பாட்டாகக் கேள்விகளைக் கொடுத்திருக்கிறார். ‘வாலியைப் படுத்தாய் அலை, மன் அற வேலியைப் படுத்தாய்’ என்கிறான் வாலி. நீ வீழ்த்தியது வாலியை அன்று, அரச அறத்தின் வேலியையே வீழ்த்திவிட்டாய் என்பது பொருள். தம்பி மனைவியைக் கவர்ந்த குற்றத்தை இராமன் சுட்டுகிறான். விலங்குக்கு அந்த அறம் இல்லை என்கிறான் வாலி. அறம் தெரிந்து பேசுகிற நீ விலங்கில்லை என்கிறான் இராமன். சரி, ஏன் மறைந்து நின்றாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது இராமன் இல்லை, இலக்குவன். நீயும் எதிரே வந்து அடைக்கலம் கேட்டுவிட்டால் முதலில் அடைக்கலமான சுக்கிரீவனுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்கிறான். இந்த விடை போதுமா போதாதா என்று பிள்ளைகள் தீர்மானிக்கட்டும். எங்களைக் கேட்டால், கேள்வியின் எடைக்கு விடையின் எடை ஈடாகவில்லை.

இந்தப் படலத்தில் முன்மாதிரி தேடுவோருக்கு இன்னோர் இடம் உண்டு, பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். சாகும் தறுவாயில் வாலி ஒரு வேண்டுகோள் வைக்கிறான்: என் தம்பி கள்ளைக் குடித்து மதி மயங்கித் தவறு செய்தால், அவன் மேல் சீறி, என் மேல் விட்ட இந்த அம்பை விட்டுவிடாதே. தன்னைக் கொல்ல ஆள் கூட்டி வந்த தம்பிக்காகக் கேட்கிறான். சொன்னபடியே பின்னால் கிட்கிந்தைப் படலத்தில் சுக்கிரீவன் குடித்துவிட்டு, கொடுத்த வாக்கை மறந்து கிடக்கிறான், இலக்குவன் கோபத்தோடு வருகிறான். வாலி தம்பியின் பலவீனத்தை நன்றாக அறிந்திருந்தான் என்பது அப்போது புரியும்.

பெண் பிள்ளைகளுக்கு யாரைக் காட்டுவது? சீதையும் கண்ணகியும் பொறுமையைத்தானே கற்பிக்கிறார்கள்?

அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். நூலைத் திறந்தால் வேறு குரல் கேட்கிறது. தோளில் சுமந்து போகிறேன் என்ற அனுமனிடம் அசோகவனத்துச் சீதை சொல்வது: ‘எல்லை நீத்த உலகங்கள் யாவும் என் சொல்லினால் சுடுவேன், அது தூயவன் வில்லின் ஆற்றற்கு மாசு என்று வீசினேன்.’ வலிமை இருக்கிறது, பயன்படுத்த வேண்டாம் என்று முடிவு செய்தேன் என்கிறாள். அந்த முடிவோடு உங்கள் மகள் உடன்படாமல் போகலாம். ஆனால் அது இயலாமை இல்லை என்பதை அவள் பார்க்க வேண்டும்.

கண்ணகியை வழக்குரை காதையில் தொடங்குங்கள். புகார்க் காண்டத்தில் தொடங்கினால், மாதவியிடமிருந்து வந்த கணவனிடம் ‘சிலம்பு உள, கொண்ம்’ என்று எடுத்துக் கொடுக்கும் இடத்திலேயே பெண் பிள்ளைகள் நூலை மூடிவிடுவார்கள். வழக்குரை காதையில் அவள் ‘தேரா மன்னா’ என்று அழைப்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின் அவள் வழக்கை எப்படி நடத்துகிறாள் என்பதே முக்கியம். முதலில் யார், எந்த ஊர், என்ன நடந்தது என்று அடையாளம் சொல்கிறாள். பிறகு சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு சான்றை வைக்கிறாள்: என் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசன் தன் வாயாலேயே எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். அதன் பிறகே சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. கோபம் முழுதாக இருக்கிறது, சான்றும் முழுதாக இருக்கிறது. முறையீட்டுக் கடிதம் எழுதக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியாது. அடையாளம், நிகழ்வு, சான்று, கோரிக்கை என்று நான்கு பத்தி.

மதுரை எரிந்ததையும் மறைக்க வேண்டாம். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவுகிறாள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சாதாரண மதுரைக் கடைக்காரர் என்ன குற்றம் செய்தார்? இந்தக் கேள்வியோடு அமர்வை நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மணிமேகலையைக் காட்டுங்கள். தனக்கென்று ஊர் எழுதி வைத்த வாழ்க்கையை மறுத்தவள். பசித்தவரைத் தேடிச் சிறைச்சாலைக்குப் போய்ச் சோறு போடுகிறாள். அரசன் என்ன வேண்டும் என்று கேட்க, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்கிறாள், ஆக்கியும் விடுகிறாள். நம் வட்டாரத்துக்கும் அவளுக்கும் தொடர்பு உண்டு: அவளுக்கு முன் அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரன் மறுபிறப்பில் ஆள்வதும், அவனைக் காண அவள் வருவதும் சாவக நாட்டில். சாவகம் என்பதை இந்த மலாய்த் தீவுக்கூட்டப் பகுதி என்றே பொதுவாக அறிஞர் கொள்கிறார்கள். அன்னதான வரிசையில் தொண்டு செய்யும் பிள்ளைகள் நம் கோயில்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இவள் தொலைவில் இல்லை.

பள்ளியில் பகடிவதை பற்றிப் பேச எந்தக் காட்சி?

திரௌபதியை அவைக்கு இழுத்து வந்த காட்சி. துன்புறுத்தியவனையும் துன்புற்றவளையும் விட்டுவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பாருங்கள். அவளைத் தெருவழியே இழுத்துச் செல்லும்போது ஊரார் ‘நெட்டை மரங்களென நின்று புலம்பினார்’ என்கிறார் பாரதி பாஞ்சாலி சபதத்தில். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்கு இன்றும் இந்த வரி பொருந்தும். (அடுத்த வரியில் வரும் ‘பெட்டைப் புலம்பல்’ என்ற சொல்லைப் பெண் பிள்ளைகள் நிச்சயம் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். பாரதியும் தம் காலத்துச் சொல்லில்தான் எழுதினார் என்று நேர்மையாகச் சொல்லுங்கள்.)

அவையில் பீஷ்மரும் துரோணரும் இருக்க, எழுந்து ‘இது தவறு’ என்று வாதாடியவன் துரியோதனனின் தம்பிகளில் ஒருவனான விகர்ணன். பெயரே பலருக்குத் தெரியாது. வயதில் சிறியவன், தன் வீட்டாருக்கே எதிராகப் பேசினான், கர்ணன் அவனை அடக்கினான். அவன் பேச்சால் கொடுமை நிற்கவில்லை. பிறகு போரில் கௌரவர் பக்கமே நின்று பீமனால் இறந்தான். பேசிப் பயனில்லை என்றால் பேசியது வீணா? 14 வயதுப் பிள்ளைக்கு அருச்சுனனைவிட விகர்ணன் மிக அருகில் இருக்கிறான்.

எங்கள் வீட்டில் பெரியார் கொள்கை. பிள்ளையை இராமாயண வாசிப்புக்கு அனுப்பலாமா?

பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தார். இங்குள்ள பல குடும்பங்களின் சிந்தனையில் அந்த வருகைகளின் தடம் இன்றும் இருக்கிறது, அதை மதிக்காத வாசிப்பு நல்ல வாசிப்பே இல்லை. நடத்துபவரிடம் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்: வழிபாடாக நடக்கிறதா, இலக்கியமாக நடக்கிறதா? இலக்கியமாக என்றால், வாலியின் கேள்விகளை உங்கள் பிள்ளையைவிடச் சிறப்பாக வாசிக்கக்கூடியவர் யாரும் இருக்க மாட்டார். வேண்டாம் என்றால் சிலம்பும் மணிமேகலையும் இருக்கின்றன. தவம் செய்ததற்காக இராமனால் கொல்லப்பட்ட சம்புகன் கதை கம்பரில் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை. அது உத்தர காண்டத்தில் வருவது, கம்பர் பாடியது யுத்த காண்டம் வரை ஆறு காண்டங்களே.

தமிழ் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள்.

நல்லது, குழு வளமாகும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை எடுங்கள். வேடனிடம் சிக்கிய மான், குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்கிறது. நபிகள் நாயகம் அதற்குப் பிணை நிற்கிறார். மான் சொன்னபடி கன்றோடு திரும்புகிறது. வாக்கு, நம்பிக்கை, பிறருக்காகப் பொறுப்பேற்பது என்று பேச எவ்வளவோ இருக்கிறது. வீரமாமுனிவரின் தேம்பாவணி சூசையப்பரை நாயகராகக் கொண்டது. ஒரே ஒரு கவனம்: சமயப் பெரியோர் வரும் காட்சிகளில் நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். வாசித்துப் பேசுவதோடு நிறுத்துங்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

பத்து வயது வரை கதை மட்டும். முடிவுகளை ஆராய்வது 13க்கு மேல்.

90 நிமிட அமர்வை எப்படி நடத்துவது?

8 முதல் 12 பேர். 15ஐத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள், இல்லையென்றால் வாயாடிகள் நால்வர் மட்டும் பேசுவார்கள். ஆளுக்கு ஒரு ஏ4 தாள். ஒரு பக்கம் நான்கு பாடல்கள், சந்தி பிரித்து, 14 புள்ளி எழுத்தில், பாட்டுக்குக் கீழே அருஞ்சொற்பொருள் ஐந்தாறு. மறுபக்கம் மூன்று கட்டம்: ‘அவருக்கு என்ன தெரியும்?’, ‘அவர் முன் என்னென்ன வழிகள்?’, ‘எதை எடுத்தார், என்ன விலை கொடுத்தார்?’

முதல் 10 நிமிடம், பெயர் எதுவும் சொல்லாமல் இன்றைய சிக்கல் ஒன்றைக் கொடுங்கள் (மேலே சொன்ன முதலாளி கதை போல). காப்பியப் பெயரை முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் ‘சரியான விடை’ சொல்லத் தொடங்குவார்கள். அடுத்த 15 நிமிடம் காட்சிக்குத் தேவையான முன்கதை மட்டும். பிறகு 20 நிமிடம் பாட்டு: நடத்துபவர் இருமுறை உரக்கப் படிக்க வேண்டும், முதன்முறை ஓசைக்கு, இரண்டாம் முறை பொருளுக்கு, மூன்றாம் முறை பிள்ளைகள் அடிக்கு ஒருவராக. 10 நிமிடம் யாரும் பேசாமல் மூன்று கட்டத்தையும் எழுத வேண்டும். இந்த எழுத்து நேரத்தை வெட்டினால் கூச்சப்படும் பிள்ளை கடைசிவரை பேசாது. 25 நிமிடம் உரையாடல். கடைசி 10 நிமிடத்தில் தொடக்கத்தில் கொடுத்த சிக்கலுக்குத் திரும்பி, விடை மாறியதா என்று மட்டும் கேளுங்கள்.

வழக்கமாக எங்கே சறுக்குகிறது?

முன்கதையில். 15 நிமிடம் என்றது 50 ஆகிவிடும், தசரதன் வேள்வியிலிருந்து தொடங்கினால் வேறு என்ன நடக்கும்? கும்பகர்ணன் காட்சிக்கு ஆறு வாக்கியம் போதும். எழுதி வைத்துப் படியுங்கள்.

அடுத்து, பெரியவர் ஒருவர் கடைசியில் எழுந்து ‘ஆகவே பிள்ளைகளே’ என்று நீதி சொல்வது. அதுவரை நடந்த அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் கரைந்துவிடும். மரியாதையோடு முன்கூட்டியே அவரிடம் சொல்லி, பாட்டு வாசிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். நல்ல குரல் இருந்தால் அது பெரிய பேறு.

மூன்றாவது வீட்டில் நடப்பது. ‘இலக்குவன் அண்ணனுக்காகக் காட்டுக்கே போனான், நீ கடைக்குப் போக மாட்டேன் என்கிறாயே’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை இலக்குவனை வெறுக்கத் தொடங்கும். காப்பியத்தைத் தடியாக எடுக்காதீர்கள்.

என் பிள்ளை ஆறாம் ஆண்டு வரைதான் தமிழ்ப்பள்ளி. செய்யுள் புரியுமா?

இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டும் என்று குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி, முதலில் அதைக் கேளுங்கள். செய்யுளைப் பொறுத்தவரை தடை பெரும்பாலும் சந்திதான். ‘உயிர்கொடா தங்குப் போகேன்’ என்று அச்சிட்டால் தடுமாறும் பிள்ளை, ‘உயிர் கொடாது அங்குப் போகேன்’ என்றால் தானே பொருள் சொல்லும். மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மூலம் மட்டும் போதுமென்றால் மதுரைத் திட்டம் என்ற இணையத் தளத்திலும் உண்டு. அங்கிருந்து எடுத்து, சந்தியை நீங்களே பிரித்து அச்சிடுங்கள். நான்கு பாட்டுக்கு அரைமணி நேர வேலை.

வெளியே அழைத்துப் போக இடம் உண்டா?

பத்துமலை இராமாயணக் குகை. கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் பத்துமலை நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே, ஏறத்தாழ 15 மீட்டர் உயர அனுமன் சிலை நிற்கும் இடம். நுழைவுக் கட்டணம் உண்டு. உள்ளே படுத்திருக்கும் பெரிய கும்பகர்ணனைச் சுற்றி அவனை எழுப்பப் பாடுபடுகிறவர்களைக் காணலாம். பிள்ளைகள் சிரித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முந்தைய வாரமே பாட்டைப் படித்திருந்தால், எழுந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி என்ன என்று அங்கேயே நினைவூட்டுங்கள். தைப்பூசக் கூட்டம் உள்ள நாட்களைத் தவிர்த்து, காலையில் வெயில் ஏறும் முன் போவது நல்லது.

‘இராவணன்தான் என் ஹீரோ’ என்கிறான் என் மகன். என்ன சொல்வது?

எந்தக் காட்சியில் என்று கேளுங்கள். பாட்டை எடுத்து வரச் சொல்லுங்கள்.